நிரூபிச்சுட்டா தியரியா ஆயிடுமா?

கேள்வி: ஒரு ஹைப்போதிசிஸை நிரூபிச்சுட்டா அது தியரி ஆயிடும்னு டியூஷன்ல சொன்னாங்க. எங்க சித்தப்பாவோ தியரின்னாலே நிரூபிக்காத சமாச்சாரம்தான்னு அடிச்சுப் பேசறாரு. யார் சொல்றது சரி சார்?
- பிளஸ் ஒன் மாணவி, தென்காசி

பதில்: ரெண்டுமே சரியில்லம்மா. கிளார்க்கா சேர்ந்து ஆபீசரா ரிட்டயர் ஆகுற மாதிரி ஹைப்போதிசிஸுக்கு ப்ரமோஷன் எல்லாம் கிடையாது.

1781ல கண்டுபிடிச்ச யுரேனஸ், நியூட்டன் கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்துல இல்லாம விலகிப் போயிட்டே இருந்துச்சு. அதுக்கும் அந்தாண்ட கண்ணுக்குப் படாத ஒரு கிரகம் இருந்து இழுக்குதுன்னாரு பாரிஸ்ல லெ வெரியேங்கிற வானியல் கணக்கு நிபுணர். இதுதான் ஹைப்போதிசிஸ், அதாவது சோதிச்சுப் பாக்கிற மாதிரி ஒரு யூகம். சும்மா சொல்லிட்டு விடல மனுஷன், வானத்துல எங்க பாக்கணும்னு கணக்குப் போட்டு பெர்லின் வானாய்வு நிலையத்துக்கு லெட்டர் போட்டாரு, லெட்டர் கைக்கு வந்த அன்னிக்கு ராத்திரியே, 1846 செப்டம்பர் 23, அங்க காலேங்கிறவர் டெலஸ்கோப்ல பாத்து ஒவ்வொரு நட்சத்திரமா சொல்லச் சொல்ல கூட இருந்த டாரெஸ்ட்ங்கிற ஸ்டூடன்ட் மேப்ல சரிபாத்துட்டே வர்றாரு, ஒண்ணு மட்டும் மேப்ல இல்ல! அதுதான் நெப்டியூன். கணக்குல சொன்ன இடத்துக்கும் அதுக்கும் 1 டிகிரிகூட வித்தியாசமில்ல.

ஹைப்போதிசிஸ் ஜெயிச்சாச்சு. தியரி ஆச்சா? இல்லையே, கிரகம்தானே கிடைச்சுது. தியரிங்கிறது அவர் கணக்குப் போட எடுத்துக்கிட்ட நியூட்டனோட ஈர்ப்பு விசை. நிலா, கடல் ஏத்தவத்தம், வால்நட்சத்திரம்னு எல்லாத்துக்கும் ஒரே விளக்கம் கொடுக்குதே, அதனால.

அதே லெ வெரியே 1859ல புதனும் கணக்குல உதைக்குதுன்னு பாத்துட்டு, சூரியன் பக்கத்துல இன்னொண்ணு இருக்கும்னாரு. வல்கன்னு பேர்கூட வெச்சுட்டாங்க, கிரகணத்தப்பல்லாம் தேடினாங்க, ம்ஹூம். உதைச்சது 100 வருஷத்துக்கு வெறும் 43 ஆர்க் செகண்ட், அது கோணத்தை அளக்குற அளவு, 3600 சேர்ந்தாத்தான் 1 டிகிரி, பாத்துக்கோ! 1915ல ஈர்ப்பு விசைக்குப் புது விளக்கம் சொன்ன ஐன்ஸ்டீனோட பொதுச் சார்பியல் தியரி எந்தப் புதுக் கிரகமும் இல்லாமலே அந்த 43ஐ அப்படியே கொடுத்துடுச்சு. இந்தத் தடவை கோளாறு நியூட்டனோட தியரியிலதான் இருந்திருக்கு.

உங்க சித்தப்பா போன்ல மேப் பாத்துத்தானே வண்டி ஓட்டுவாரு? ஜிபிஎஸ் சாட்டிலைட்ல இருக்கிற கடிகாரம் ஐன்ஸ்டீன் கணக்குப்படி தரையில இருக்கிற கடிகாரத்தை விட ஒரு நாளைக்கு சுமார் 38 மைக்ரோசெகண்ட் வேகமா ஓடும், அதை முன்கூட்டியே சரிபண்ணித்தான் வெச்சிருக்காங்க, இல்லேன்னா ஒரே நாள்ல கிலோமீட்டர் கணக்குல தப்பான இடத்தைக் காட்டும். அந்த 'நிரூபிக்காத' தியரியை நம்பித்தான் அவரும் டெய்லி கிளம்புறாரு. அதுக்காக நியூட்டனையும் யாரும் தூக்கிப் போட்டுடல, நிலாவுக்கு ராக்கெட் விடறதுக்கெல்லாம் இன்னிக்கும் பெரும்பாலும் அவர் கணக்குதான்.