டீச்சரைக் கேளுங்கள்

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகன், உடைந்த கண்ணாடி டம்ளரை அப்படியே குப்பைக் கவரில் போட்டுவிட்டு, ‘அள்ளுறவங்க பாத்துப்பாங்க’ என்கிறான். எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: திட்டிப் பயனில்லை. அடுத்த முறை கண்ணாடி உடைந்தால், அதை அவனையே பொதிந்து கட்ட வையுங்கள். செருப்பு மாட்டிக்கொண்டு பெரிய துண்டுகளை முறத்தில் தள்ளி, பொடியை ஈரத் தாளால் ஒற்றி எடுக்கட்டும். துணி வேண்டாம், சில்லு அதிலேயே தங்கி, பிழிகிற கையைக் கிழிக்கும் (பெரும்பாலும் அம்மா கை!). நான்கைந்து செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டி, ‘கண்ணாடி’ என்று சிவப்பில் எழுதட்டும். வெறும் கவரில் போட்டால் சில்லு அடியில் இறங்கும். கவரைத் தூக்குபவர் தாங்கிப் பிடிப்பதும் அந்த அடியைத்தான். காலிக் கவர் ஒன்றில் அந்த இடத்தை அவன் கையாலேயே தொட்டுக்காட்டச் சொல்லுங்கள். வண்டி வந்ததும் அவனே போய், ‘அண்ணே, இதுல கண்ணாடி இருக்கு’ என்று தனியாகக் கொடுக்கட்டும்.