அப்பாவின் தறிக் கடனுக்காக மகளுக்குக் கல்விக் கடன் மறுக்கலாமா?

பள்ளிபாளையத்தில் விசைத்தறி நடத்தும் வாசகர் ஒருவர், தறிக்கு வாங்கிய கடனை வங்கியுடன் பேசிக் குறைந்த தொகைக்கு முடித்துக்கொண்டதாகவும், அதனால் தமது சிபில் மதிப்பெண் (கடனைத் திருப்பிய ஒழுங்கைக் காட்டும் மதிப்பெண்) சரிந்துவிட்டதைச் சொல்லி மகளின் கல்விக் கடனை மேலாளர் வாய்மொழியாக மறுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். கலந்தாய்வில் கோவைக் கல்லூரி ஒன்றில் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது. கேட்பது 6 லட்சம் ரூபாய். தெரிந்த பைனான்ஸ்காரர் ஒருவர் எழுதாத புரோநோட்டில் (கடன் உறுதிச் சீட்டில்) கையெழுத்து மட்டும் போட்டால் பணம் தருவதாகச் சொல்கிறாராம்.

ஐயா, வாய்மொழி மறுப்பை வைத்துக்கொண்டு எந்த மன்றத்திலும் பேச முடியாது என்பதால், கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பித்து, மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கல்விக் கடன் விண்ணப்பத்தை நிராகரிக்க மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்பது வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தின் நெறி. எழுத்தில் கேட்கும்போது பல மறுப்புகள் மறுபரிசீலனைக்குப் போய்விடுகின்றன. பெற்றோரின் கடன் மதிப்பெண் திருப்திகரமாக இல்லை என்பதை மட்டும் காரணமாக்கிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. அது தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது என்றாலும் முறையீட்டில் எடுத்துக்காட்டலாம். தகுதியுள்ள கல்விக் கடன்களுக்கு 7.5 லட்சம் வரை அரசின் உத்தரவாத நிதியம் பொறுப்பேற்பதால் சொத்துப் பிணையோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்க வேண்டியதில்லை. இணைக் கடனாளியாக நீங்கள்தான் கையெழுத்திட வேண்டும் என்பதும் இல்லை. மகளின் தாயார் தறிக் கடனில் கையெழுத்திடாதவராக இருந்தால், அவரை இணைத்து விண்ணப்பிப்பதே என் கருத்தில் மிக எளிய வழி.

வங்கியிடம் எழுத்தில் புகார் அளித்து 30 நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கல்லூரிக் கட்டணக் கெடு நெருங்கிவிட்டால், வங்கிக்கு ஆணையிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். நாமக்கல் மாவட்டத்திற்கு அது சென்னை முதன்மை அமர்வு.

உங்கள் குடும்பத்தில் மகளே முதல் பட்டதாரி என்றால், அதற்கான சான்றிதழை வைத்துக் கல்விக் கட்டணச் சலுகை கேளுங்கள்; கலந்தாய்வில் சேர்ந்தவர்களுக்கு உள்ள இச்சலுகை நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. கேட்கும் கடன் அந்த அளவுக்குக் குறையும்.

புரோநோட்டு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்ட வெற்றுத்தாளைக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தை மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881இன் பிரிவு 20 வைத்திருப்பவருக்கே தருகிறது. பிரிவு 118இன்படி பணம் கைமாறியதாகவே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும், அதை மறுத்து நிரூபிக்கும் சுமை உங்களுடையது. கந்துவட்டியைத் தடை செய்யும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதுதான், ஆனால் அதைக் கொண்டு வழக்காடும் நிலை வராமல் இருப்பதே நல்லது. ஏற்கெனவே கையெழுத்திட்டுப் பணம் வாங்காமல் இருந்தால், தாளைத் திருப்பித் தருமாறு பதிவும் விநியோகச் சான்றும் சேர்த்து விரைவுத் தபால் அனுப்பி, அதன் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.