நெடுஞ்சாலையில் 1,14,000 கிமீ ஓடிய காரா, ஊருக்குள் 38,000 கிமீ ஓடிய காரா: எதன் இன்ஜின் அதிகம் தேய்ந்திருக்கும்?

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இரண்டுமே 2017 ஸ்விஃப்ட் பெட்ரோல். ஒன்று மெடிக்கல் ரெப் ஓட்டியது, திருச்சியிலிருந்து மதுரை, தஞ்சாவூர், சேலம் என்று சுற்றி 1,14,000 கிமீ ஆகியிருக்கிறது. இன்னொன்று வேளச்சேரியில் ஒரு டாக்டர் வீட்டு வண்டி, கிளினிக்குக்கும் வீட்டுக்குமாகப் போய் வந்து 38,000 கிமீ, அதற்கு எழுபதாயிரம் கூடுதலாகக் கேட்கிறார்கள். இன்ஜின் தேய்மானத்தை மட்டும் பார்த்தால் எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆயில் மாற்றிய பில்கள் ஒழுங்காக இருந்தால் நான் ரெப் வண்டியைத்தான் எடுப்பேன். வீட்டில் ஓடோமீட்டரைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

திருச்சியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன், பின்கட்டில் சித்தப்பாவின் ஒர்க்ஷாப், அதனால் பிரித்துப் போட்ட இன்ஜின்கள் தினமும் கண்ணில் படும். வெளியூர் டிரிப் மட்டுமே அடிக்கும் டாக்ஸி இரண்டு லட்சம் கிமீ தாண்டி ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) வேலைக்கு வரும். ஹெட்டைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் போர் சுவரில், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உள்சுவரில், கம்பெனியில் போட்ட குறுக்குக் கோடுகள், அந்த ஹோனிங் கோடுகள், இன்னும் தெரியும், சுவர் அவ்வளவாகத் தேயவில்லை என்று அர்த்தம். அதே வாரத்தில் ஐம்பதாயிரம்கூட ஓடாத வீட்டு வண்டி ஒன்று நீலப் புகை தள்ளிக்கொண்டு வந்து நிற்கும். பிரித்தால் பிஸ்டனைச் சுற்றி ஆயிலை வழித்துவிடும் ஆயில் ரிங் கரி பிடித்து ஒட்டிப் போயிருக்கும், வால்வு கவருக்கு அடியில் கறுப்பு மண்டி கெட்டியாகப் படிந்திருக்கும். எல்லா வீட்டு வண்டியும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை, ஆனால் இது நடக்கும்போது ஓனர் சொல்லும் முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: "வண்டியே எடுக்கிறதில்லையே சார்!"

காரணம் என்னவென்றால், சூடேறி ஒரே வேகத்தில் ஓடும் இன்ஜினில் கிராங்க்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் ஆயில் படலம் இருக்கிறது, அதன் மேல்தான் கிராங்க் சுற்றுகிறது. தேய வேண்டுமென்றால் படலம் அறுபட வேண்டும், அது அதிகம் நடப்பது ஸ்டார்ட் செய்யும்போது. இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயிலின் பெரும்பகுதி கீழே சம்ப்புக்கு, அதாவது ஆயில் தொட்டிக்கு, இறங்கியிருக்கும், பம்ப் அதை மறுபடி மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் பக்கம் ஏற்றும் வரை மிச்சமிருக்கும் மெல்லிய பூச்சை நம்பித்தான் எல்லாம் உரசிக்கொண்டிருக்கும்.

எல்லோரும் இந்த முதல் ஓரிரு நொடியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அதற்கடுத்த பத்து நிமிடம்தான் அதைவிட மோசம். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாது என்பதால் இன்ஜின் கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட அதிகமாகத் தெளிக்கும், எரியாத பெட்ரோல் போர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். அப்புறம் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது, பலருக்கு இது தெரியாது. இன்ஜின் சூடாக இருந்தால் அது ஆவியாகவே சைலன்சர் வழியாகப் போய்விடும். ஆறின இன்ஜினிலோ சுவரில் வியர்த்து, கொஞ்சம் ஆயிலில் சேர்ந்து, எரிந்த வாயுவின் அமிலத்தையும் கூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஆயில் 90, 100 டிகிரி வரை சூடேறி அரை மணி நேரம் ஓடினால் கலந்த பெட்ரோலிலும் தண்ணீரிலும் பெரும்பகுதி ஆவியாகி, உள்ளே சேரும் ஆவியை இழுத்துவிடும் பிசிவி வால்வு வழியாக மறுபடி இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்துவிடும். நாலு கிலோமீட்டர் போய் நிறுத்தும் வண்டிக்கு அந்த அரை மணி நேரம் எப்போதுமே கிடைப்பதில்லை. டேஷ்போர்டில் நீல விளக்கு அணைந்துவிட்டால் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம், அது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் கணக்கு. ஆயில் அதற்கு ரொம்பப் பின்னால்தான் வரும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மார்க்கெட்டுக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியின் அடியில் ஆறிப்போன மோர்க்குழம்பு மாதிரி வெளுத்த மஞ்சளில் ஒரு கொழகொழப்பு ஒட்டியிருக்கும், விரலில் எடுத்தால் வழுக்கும். கேஸ்கெட் போய்விட்டது என்று பயந்துகொண்டு வருவார்கள், பெரும்பாலும் அப்படி இருக்காது, ஒரு நாள் மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர் போய் வந்தால் போதும். சென்னை வெயிலில் இது குறைவு.

வெயில் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். குறுகிய ஓட்டம் இன்ஜினைக் கொன்றுவிடும் என்று யூடியூபில் பயமுறுத்துகிறவர்களில் பாதிப்பேர் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மைனஸ் இருபதில் ஸ்டார்ட் செய்கிறவர்கள். அவ்வளவு பயம் நமக்குத் தேவையில்லை. ஆனால் நம் ஊர் முப்பது டிகிரியும் இன்ஜினுக்குக் குளிர்தான். 5டபிள்யூ-30 என்ற ரக ஆயிலுக்கு 40 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மை 100 டிகிரியில் இருப்பதைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு. நமக்கு ஸ்டார்ட்டிங்கைவிடப் பெரிய தலைவலி சிக்னலில் ஏசி போட்டுக்கொண்டு நிற்பது. வண்டி நகராது, காற்று அடிக்காது, ஃபேன் ஓயாமல் சுற்றும், கம்ப்ரஸரை இழுத்துக்கொண்டு இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது.

நீங்கள் சொன்ன இரண்டு வண்டிக்கும் ஒரு குத்துமதிப்புக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ரெப் வண்டி டீ, டோல்கேட், ஊருக்குள் நுழைவது எல்லாம் சேர்த்துச் சராசரி 60 கிமீ வேகம் என்றால் 1,14,000 கிமீக்கு இன்ஜின் ஓடியது 1,900 மணி நேரம். வேளச்சேரி வண்டிக்குச் சராசரி 15 என்று வைப்போம், காலை நேரத்தில் விஜயநகர் பக்கம் ஓட்டியவர்கள் இதுவே தாராளம் என்பார்கள். 38,000 கிமீக்கு 2,500 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. மூன்றில் ஒரு பங்கு தூரம் ஓடிய வண்டியின் இன்ஜின் அதிக நேரம் உழைத்திருக்கிறது! ஸ்டார்ட்டைப் பாருங்கள், ஒரு தடவைக்கு 4 கிமீ என்றால் 9,500 ஸ்டார்ட். ரெப் ஒரு தடவைக்கு 60 கிமீ போயிருந்தால் 1,900. சுற்றுக் கணக்கிலும் அதே கதை. 90 கிமீ வேகத்தில் ஐந்தாவது கியரில் 2,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2,500 சுற்று) என்று வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு இன்ஜின் சுமார் 1,670 சுற்று சுற்றும். ஊருக்குள் நின்று நின்று, சராசரி 1,200 ஆர்பிஎம்தான் என்றாலும், ஒரு கிலோமீட்டர் கடக்க நாலு நிமிடம், 4,800 சுற்று.

இதனால்தான் அமெரிக்கப் போலீஸ் கார்களில் கிலோமீட்டரோடு இன்ஜின் ஓடிய மணி நேரத்தையும் பார்க்கிறார்கள். ஒரு மணி நேரம் ஐடிலில், அதாவது வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓட, நின்றால் 33 மைல், அதாவது 53 கிமீ ஓடியதற்குச் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்த கார்களுக்கு ஃபோர்டு கணக்கு வைத்திருக்கிறது. நம் வண்டிகளின் கையேட்டிலும் கடைசிப் பக்கங்களில் கடுமையான உபயோகம் என்று தனி அட்டவணை இருக்கும். அதில் முதலில் நிற்பது அடிக்கடி குறுகிய தூர ஓட்டம். தூசி அப்புறம்தான் வரும். டாக்டர் வீட்டு வண்டியைக் கடுமையான உபயோகம் என்று எந்த புரோக்கர் சொல்வான்?

நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு உச்ச உதாரணம் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் இருந்த இர்வ் கோர்டன், ஸ்கூலில் அறிவியல் வாத்தியார். 1966இல் வாங்கிய வால்வோ பி1800 காரில் தினமும் போக வர 200 கிமீ, அதற்கு மேல் ஊர் சுற்றல், 2013இல் 30 லட்சம் மைல் தொட்டார். நம் கணக்கில் 48 லட்சம் கிமீ. இன்ஜினை முதல் தடவை பிரித்ததே ஆறு லட்சத்து எண்பதாயிரம் மைல் ஆன பிறகுதான். ஆயிலும் சர்வீஸும் விஷயத்தில் மனிதர் படு கறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், வெறும் நெடுஞ்சாலை மட்டும் செய்த வேலை அது இல்லை.

அதற்காக ஹைவே வண்டி என்றாலே தங்கம் என்று நினைக்காதீர்கள். வேகம் 80இலிருந்து 120 ஆனால் காற்றைக் கிழிக்க மட்டும் மூன்று மடங்குக்கு மேல் சக்தி தேவை, சின்ன இன்ஜினை நாள் முழுக்க அப்படி மிதித்தவர் கையில் இருந்த வண்டி வேறு ஜாதி. ரெப் வண்டியில் விற்பனை டார்கெட்டுக்காக விரட்டி ஓட்டும் பிரஷர் என்று ஒன்று உண்டு, அதையும் மறந்துவிடாதீர்கள். வீல் பேரிங், ஷாக் அப்சார்பர், கண்ணாடியில் கல் அடித்த பொட்டு எல்லாம் கிலோமீட்டர் கணக்கில்தான் போகும். கிளட்ச், பிரேக் பேட், பேட்டரி, உள்ளிருந்து துருப்பிடிக்கும் சைலன்சர் இவற்றில் ஊர் வண்டி தோற்கும். எல்லாவற்றுக்கும் மேல் ஆயில்: 10,000 கிமீ அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது. ரெப் கிலோமீட்டரைப் பார்த்து மாற்றியிருப்பார். வீட்டு வண்டிக்காரர் "ஆறாயிரம்தானே ஓடியிருக்கு" என்று இரண்டு வருடம் தள்ளியிருப்பார், நான் பார்க்கும் மண்டி இன்ஜின்களின் ஜாதகம் பெரும்பாலும் இதுதான்.

பார்க்கப் போகும்போது காலையில் போங்கள், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பின்னால் நிற்கட்டும்: வெள்ளை ஆவி வந்து கொஞ்ச நேரத்தில் அடங்கினால் வெறும் தண்ணீர், நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, டிப்ஸ்டிக்கை, இழுத்து முகருங்கள், அளவு மேல் கோட்டைத் தாண்டி நின்று பெட்ரோல் வாடை அடித்தால் அந்த வண்டி சூடே ஏறாமல் ஓடியது. ஆயில் மூடியைத் திறந்து மொபைல் டார்ச்சை உள்ளே அடியுங்கள், உலோகம் தேன் நிறத்தில் தெரிந்தால் நல்லது, கறுப்பாகக் கெட்டியாகப் படிந்திருந்தால் விலை பேசவே வேண்டாம். நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே அழுத்தம் நிற்கிறதா என்று) பார்க்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. மீட்டர் திருப்புவது நம் ஊரில் சர்வசாதாரணம் என்பதால் 38,000 வண்டியின் பிரேக் பெடல் ரப்பரும் டிரைவர் சீட்டின் ஓரமும் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸ் சென்டரில் ஓனரை வைத்துக் கேட்டால் ஒவ்வொரு தடவை வந்தபோதும் பதிவான கிலோமீட்டர் கிடைத்துவிடும்.

கடைசியாக, உங்கள் ஆஃபீஸ் ஐந்து கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் எதை வாங்கினாலும் இனி அது ஊர் வண்டிதான். ஆயிலை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். காலையில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்துச் சூடேற்றுவது வீண், ஐடிலில் ஆயில் சூடாகவே ரொம்ப நேரம் பிடிக்கும். அரை நிமிடத்தில் கிளம்பி முதல் சில கிலோமீட்டர் மிதிக்காமல் ஓட்டுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் செங்கல்பட்டு வரை போய் வாருங்கள். நண்பர் பிஎஸ்6 டீசலும் பார்க்கச் சொல்கிறார் என்று கேட்டிருந்தீர்களே, வேண்டவே வேண்டாம். அதில் டிபிஎஃப் என்று கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது, பிடித்த கரியை எரிக்கச் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும், அதற்கு இருபது நிமிடமாவது விடாமல் ஓட்ட வேண்டும். ஐந்து கிலோமீட்டர் ஆஃபீஸ் ஓட்டத்தில் அந்த எரிப்பு பாதியில் நின்று நின்று ஃபில்டர் அடைக்கும், அதை எரிக்கத் தெளித்த டீசல் ஆயிலில் இறங்கி டிப்ஸ்டிக் அளவு ஏறும், ஃபில்டரை மாற்றும் நிலை வந்தால் நீங்கள் இப்போது யோசிக்கும் எழுபதாயிரம் பெரிய தொகையாகத் தெரியாது.