பார்க்கின்சன் வந்தவர்களுக்கு மலம் கழிப்பது ஏன் இவ்வளவு சிரமமாகிறது?

பார்க்கின்சன் என்றால் கைநடுக்கம் மட்டும்தான் என்று நினைக்கிறோம். அது குடலை இயக்கும் நரம்புகளையும் பாதிக்கும். 1817-ல் இந்நோயை விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சனே குடல் மந்தத்தையும் குறிப்பிட்டிருக்கிறார். நடுக்கம் தெரிவதற்குப் பல வருடம் முன்பே மலச்சிக்கல் தொடங்கலாம். எங்கள் அப்புச்சிக்கு அப்படித்தான். குழாயைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார், பாவம்.

காலிங்கராயன் வாய்க்காலில் இருந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் தண்ணீர் மெதுவாக வருவதுதான் குடல் மந்தம். அப்புறம், வந்து சேர்ந்த தண்ணீருக்கு மடையும் திறக்காவிட்டால்? இடுப்பின் அடியில் மலவாயைச் சுற்றியிருக்கும் தசைதான் அந்த மடை. மலம் கழிக்கும்போது தளர வேண்டிய அது, இந்நோயில் சிலருக்கு நேர்மாறாக இறுகிக்கொள்கிறது.

நிறையத் தண்ணீர், கீரை, கம்பங்கூழ், கொஞ்சம் நடை, டாக்டர் தரும் மலமிளக்கி எல்லாம் வாய்க்காலுக்கு உதவும். மடைக்கு வேறு வழி: வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலடியில் சிறு பலகை வைத்து முழங்காலை உயர்த்தி, முன்னால் சாய்ந்து, மூச்சை அடக்காமல் உட்கார வேண்டும். தசையைத் தளர்த்தப் பழக்கும் பிசியோதெரபியும் உண்டு.

"நல்லா முக்கினால் போயிரும்" என்று வீட்டில் சொல்வார்கள். தசை இறுகுபவர்களுக்கு முக்க முக்க மடை இன்னும் அடைத்துக்கொள்ளும்.