படம் தெளிவில்லையா? அல்ட்ராசவுண்ட் தரச் சோதனை: கேள்வி-பதில்

ஃபேன்டமில் (உடல் திசுவைப் போலச் செய்த சோதனைப் பொருள்) ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் நைலான் இழைகள் தனித்தனியாகத் தெரிகின்றன. பக்கவாட்டில் இருப்பவை ஒட்டிக்கொள்கின்றன. புரோப் (உடலில் வைத்துப் பார்க்கும் முனை) போய்விட்டதா?

அவசரப்படாதீர்கள். மேல்-கீழ் பிரிவு ஒலித்துடிப்பின் நீளத்தைப் பொறுத்தது. அதில் பாதிதான் எல்லை. 5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 0.3 மி.மீ. துடிப்பில் இரண்டு மூன்று அலைகளே இருப்பதால் அரை மி.மீ. இடைவெளிகூடப் பிரிந்து தெரியும். பக்கவாட்டுப் பிரிவு ஒலிக்கற்றையின் அகலத்தைப் பொறுத்தது. ஃபோகஸ் ஆழத்தில் கற்றை குறுகும், தாண்டினால் விரியும். ஃபோகஸை இழைகளின் ஆழத்துக்குக் கொண்டுவாருங்கள், கெயினை (எதிரொலியைப் பெருக்கும் அளவு) குறையுங்கள். கெயின் கூடினால் புள்ளியே கோடாகப் பருத்துவிடும். அப்புறமும் ஒட்டினால், மெஷின் வந்த புதிதில் இதே அமைப்பில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். அந்தப் படம் இல்லையென்றால் இன்றே ஒன்று எடுத்து வையுங்கள்.

ஃபேன்டமுக்குப் பதில் தண்ணீரில் நூல் கட்டிப் பார்க்கலாமா?

பார்க்கலாம், அளவை மட்டும் நம்பாதீர்கள். மெஷின் ஒலிவேகத்தை நொடிக்கு 1540 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. அறை வெப்பநிலைத் தண்ணீரில் அது சுமார் 1480. 10 செ.மீ. ஆழத்து நூல் 10.4 செ.மீ.யில் தெரியும்.

படத்தில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. இழைச் சோதனையில் எல்லாம் சரியாகவே வருகிறது.

வரத்தான் செய்யும். புரோப்பினுள் ஒலியை அனுப்பி வாங்கும் எலிமென்ட்களில் சில செத்தாலும் மற்றவை ஈடுகட்டிவிடும். புரோப்பை ஜெல் இல்லாமல் துடைத்து, காற்றில் பிடியுங்கள். காம்பவுண்டிங்கை (பல கோணப் படங்களை ஒன்றாக்கும் வசதி) அணைத்துவிடுங்கள், அது குறையை மறைக்கும். படத்தின் மேற்பகுதியில் சீரான பட்டைகள் தெரிய வேண்டும். ஓரிடத்தில் மங்கினால், நிமிர்த்திய பேப்பர் கிளிப்பின் கம்பியை புரோப் முகப்பில் மெதுவாக நகர்த்துங்கள். கம்பிக்கு நேராக ஒரு பளிச்சென்ற கீற்று கூடவே நகரும்; செத்த இடத்தில் மங்கிவிடும். அடுத்து, புரோப்பை வேறு போர்ட்டில் மாட்டுங்கள். கோடு கூடவே வந்தால் புரோப் கோளாறு, மறைந்தால் பழைய போர்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் என்றால் நான் இந்தக் காற்றுச் சோதனையைத்தான் செய்வேன், செலவும் இல்லை.

சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் பிறகு மறுபடி சோதிக்கணுமா?

கட்டாயம். பிரீசெட் (மெஷினில் முன்கூட்டியே வைத்த அமைப்பு) மாறியிருந்தால் பழைய படத்தோடு ஒப்பிட முடியாது.

ஃபேன்டம் கெட்டுவிட்டது என்று எப்படித் தெரியும்?

நீர் கலந்த ஜெல் வகை மெல்லக் காயும். மேல்பரப்பு குழிந்து, காற்று புகும். வாங்கியவுடன் எடை போட்டு எழுதி வையுங்கள். எடை குறைந்தால் நீர் போகிறது என்று அர்த்தம்.