காட்டு மூலிகையின் மரபணு யாருடையது?

கேள்வி: கோத்தகிரியில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடிக்கப்போகிறேன். ஒரு நிறுவனம் வேலைக்கு அழைக்கிறது. நம் மலை மூலிகைகளின் மரபணுவை ஈஸ்ட் என்ற நுண்ணுயிரில் ஏற்றி நறுமணப் பொருள் தயாரிப்பார்களாம். “காட்டை எடுத்து விற்கிற வேலையா?” என்கிறார் பாட்டி. இத்துறையில் நேர்மையாக இருக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் பாட்டியின் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நீலகிரிக்கு அது பழைய கேள்வி. 1860-களில் ஆங்கிலேயரான கிளெமென்ட்ஸ் மார்க்கமின் ஏற்பாட்டில் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து சின்கோனா மரத்தின் விதைகளும் கன்றுகளும் இங்கே வந்தன. நடுவட்டத்தில் தோட்டமே உருவானது. அந்தப் பட்டையின் குயினின் மலேரியாவிலிருந்து எத்தனையோ உயிர்களைக் காத்தது. அதை முதலில் அறிந்திருந்த ஆண்டிஸ் மக்களிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

பங்கு கொடுத்த கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. அகத்தியமலையின் காணிப் பழங்குடி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கிய திருவனந்தபுரம் தாவரவியல் ஆய்வு நிறுவனம், 1990-களில் உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதியை அவர்களுக்கு ஒதுக்கியது.

ஆகவே நேர்முகத் தேர்வில் தயங்காமல் கேளுங்கள்: இந்த மாதிரி எங்கே எடுத்தது, செடியைக் காட்டியது யார், அவர்களுக்கு என்ன பங்கு? 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி, வணிகத்துக்கு எடுக்கும் இந்திய நிறுவனம் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் என்றால் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் அந்த வேலை வேண்டாம்.

அப்புறம், உயிரியல் பாதுகாப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது என்றும் கேளுங்கள். மரபணு மாற்றிய உயிரிகளைக் கையாளும் இடத்தில் அந்தக் குழு கட்டாயம். முடிந்தால், கழிவை நீராவியில் சூடாக்கிக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் அறையை எட்டிப் பாருங்கள். வெளியே வந்த பையின் டேப்பில், சூடு பட்டதைக் காட்டும் கோடுகள் கறுத்திருக்கின்றனவா? என் முதல் வேலையில், மரபணு மாற்றிய பாக்டீரியா இருந்த குடுவையை அப்படியே சிங்க்கில் ஊற்றினார்கள். இரண்டு வாரம் வாய் திறக்காமல் இருந்தேன். புதிதாகச் சேர்ந்தவள் என்ற பயம்தான். அது இன்றும் உறுத்துகிறது. நீங்கள் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், எழுத்திலும் கொடுங்கள்.

வேலையில் சேர்ந்தால் முதல் நாளிலிருந்தே ஆய்வுக் குறிப்பேட்டில் தேதி, இடம், செடியை அடையாளம் காட்டியவர் பெயர் மூன்றையும் எழுதிவையுங்கள், அவர் சம்மதித்தால். நாளை பங்கு பிரிக்கும் நேரத்தில், குறும்பர் பழங்குடிக் கிராமத்துப் பெரியவர் ஒருவருக்கு அந்த ஒரு வரிதான் சாட்சியாக இருக்கும்.