கேள்வி மேடை: மேசன் லாட்ஜுக்குள் போய்ப் பார்க்கலாமா?

கே: பக்கத்து டவுனில் வெள்ளைக்காரர் காலத்து மேசன் லாட்ஜ் ஒன்று இருக்கிறது. அடிக்கல்லில் 'ஏ.எல். 5909' என்று வெட்டியிருக்கிறார்கள். இது என்ன கணக்கு? வெளியாட்களை உள்ளே விடுவார்களா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

ப: மேசன் என்பது ஃப்ரீமேசன் என்ற சகோதர சங்கத்தைச் சேர்ந்தவர். சங்கத்தின் கிளைக்கும் அது கூடும் ஹாலுக்கும் லாட்ஜ் என்றே பெயர். கல்லில் உள்ள எண்ணில் 4000-ஐக் கழியுங்கள், 1909 வரும். 'அன்னோ லூசிஸ்' எனப்படும் மேசன் ஆண்டு அது. ஆனால் அது கட்டடத்தின் வயதுதான். வாடகை பங்களாவில் பல வருடம் கூடிவிட்டுப் பிறகு சொந்த ஹால் கட்டிய லாட்ஜுகள் உண்டு. லாட்ஜின் வயது தெரிய வேண்டுமானால் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சாசனத்தை, அதாவது லாட்ஜ் தொடங்கத் தந்த அனுமதிப் பத்திரத்தைப் பாருங்கள். லாட்ஜின் தலைவரான முதல் மாஸ்டர், அவருக்கு அடுத்த நிலையில் உள்ள இரண்டு வார்டன்கள் பெயரும் அதில் இருக்கும்.

கூட்ட நாளில் போகாதீர்கள். கூட்டம் தொடங்கியபின் கதவுக்கு வெளியே 'டைலர்' எனப்படும் வாயிற்காவலர் வாளோடு நிற்பார். உறுப்பினர் அல்லாதவருக்கு வழியில்லை. இரண்டு வாரம் முன்பே செயலருக்குக் கடிதம் போடுங்கள்: எத்தனை பேர், எதற்காக, போட்டோ எடுக்கலாமா. மலையாளத்தில் எழுத ஆள் தேட வேண்டாம், ஆங்கிலம் போதும். பலர் கோட்டைவிடுவது முகவரியில்தான். ஒரே ஹாலில் இரண்டு மூன்று லாட்ஜுகள் கூடும், ஒவ்வொன்றுக்கும் தனிச் செயலர். லாட்ஜ் பெயர் இல்லாமல் 'செயலர்' என்று மட்டும் எழுதினால் பதில் வராது. பெயர் தெரியாவிட்டால் சென்னையில் உள்ள தென்னிந்திய மண்டல கிராண்ட் லாட்ஜுக்கு, அதாவது லாட்ஜுகளின் தலைமை அமைப்புக்கு எழுதுங்கள். கேரளமும் ஆந்திரமும் அதன் கீழ்தான். ஆட்டோக்காரரிடம் 'ஃப்ரீமேசன்ஸ் ஹால்' என்று முழுசாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் ரூம் போடும் லாட்ஜ் வாசலில் இறங்குவீர்கள்.

உள்ளே மாஸ்டர் நாற்காலி கிழக்கில், சீனியர் வார்டன் மேற்கில், ஜூனியர் வார்டன் தெற்கில். வடக்கில் இவர்களுக்கு இணையான நாற்காலி கிடையாது. வாஸ்து பார்க்கிறவர்கள் குழம்ப வேண்டாம்: அறையின் 'கிழக்கு' சூரியன் உதிக்கும் பக்கமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நடுவே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தளம். கேட்காமல் அதன் குறுக்கே நடக்காதீர்கள். கொத்தாத கல் ஒன்று, செதுக்கிய கல் ஒன்று வைத்திருப்பார்கள், விட்டுவிடாமல் பாருங்கள். முன்னாள் மாஸ்டர்களின் பெயர்ப்பலகையில்தான் ஊர்ச் சரித்திரம் இருக்கிறது: வெள்ளைக்காரப் பெயர்கள் குறைந்து நம் பெயர்கள் எந்த வருடத்திலிருந்து ஏறுகின்றன என்று பாருங்கள்.

கே: மேசன் என்பது தனி மதமா?
– வாசகர், பாறசாலை

ப: இல்லை. கடவுள் நம்பிக்கை வேண்டும், எந்த மதம் என்று கேட்பதில்லை. லாட்ஜில் மதச் சண்டையும் அரசியலும் பேசக் கூடாது. இந்திய லாட்ஜுகளில் கீதை, பைபிள், குர்ஆன் என ஒன்றுக்கு மேற்பட்ட வேதநூல்களை வைப்பதுண்டு. 1770-களிலேயே ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உம்ரா திருச்சியில் மேசனாகிவிட்டார்.

கே: ரயில்வேயில் இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் மேசன் பதக்கம் கிடைத்தது. அவர் எந்த லாட்ஜ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, நகரி

ப: முதலில் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். பின்பக்கம் லாட்ஜ் பெயர், எண், அதோடு இ.சி., எஸ்.சி. அல்லது ஐ.சி. இருக்கிறதா பாருங்கள். முறையே இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து கிராண்ட் லாட்ஜின் கீழ் இருந்தது என்று பொருள். பழைய பதிவேடு லண்டனிலா, எடின்பரோவிலா, டப்ளினிலா என்பது இதில் தெரிந்துவிடும். எண்ணை மட்டும் நம்பித் தேடினால் வேறு லாட்ஜில் போய் முட்டுவீர்கள். இங்கிலாந்து 1863-ல் எல்லா எண்களையும் மாற்றியது. 1961 நவம்பர் 24-ல் இந்திய கிராண்ட் லாட்ஜ் உருவானபோது அதில் சேர்ந்தவற்றுக்கு மறுபடி புது எண். லாட்ஜ் பெயரையும் ஊரையும் வைத்தே தேடுங்கள்.

இ.சி. என்றால் 1751 முதல் 1921 வரையான உறுப்பினர் பதிவேடுகள் வம்சாவளி தேடும் ஆன்செஸ்ட்ரி இணையதளத்தில் உண்டு, கட்டணம் கட்ட வேண்டும். நம் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், இனிஷியலும் பெயரும் இடம் மாறியிருக்கும். இரண்டு மூன்று விதமாக எழுத்து மாற்றித் தேடுங்கள். தாத்தாவின் வேலை, சேர்ந்த வருடம் இரண்டும் ஒத்துப்போனால் ஆள் அவர்தான். பதக்கத்தில் மூலைமட்டத்தின் கீழ் சதுரங்கள் வரைந்த சிறு தகடு தொங்கினால் அவர் மாஸ்டராக இருந்து ஓய்ந்தவர். வெள்ளிப் பதக்கத்தில் நங்கூர முத்திரை இருந்தால் பர்மிங்காமில் தரம் பார்த்தது. பக்கத்தில் உள்ள ஒற்றை எழுத்து தரம் பார்த்த வருடத்தைச் சொல்லும்.